ஹபீப் பாயின் நெற்றி

ஐம்பத்து மூன்று வயதுவரை ஹபீப் முஹம்மதுவை யாரும் நின்று பார்த்ததில்லை. யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குட்டையுமில்லாமல் நெட்டையுமில்லாமல், கூட்டத்தில் நின்றால் கூட்டமாகவே தெரியும் உருவம். மரக்காணத்தில் எட்டாவது படித்தபோது வாத்தியார் வருஷக் கடைசிவரை அவரை "டேய், ஜன்னலோரம்" என்றே கூப்பிட்டார். பிறகு சவூதியில் தம்மாமுக்குப் போய் ஒரு லாண்டரியில் இருபத்து மூன்று வருஷம் ஊரான் சட்டைக்கு இஸ்திரி போட்டார். வந்தவர்கள் சட்டையின் மடிப்பைப் பார்த்தார்கள். மடித்தவரைப் பார்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்தா?

மொத்தமாக ஊர் திரும்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் பெட்டியோடு நின்றவரைப் பார்த்து சொந்த மச்சினனே ஸ்கூட்டரை நிறுத்தி, "யார் வீட்டுக்குப் போகணும் பெரியவரே?" என்று கேட்டான். அடையாளம் தெரியாததை மன்னித்துவிடலாம். அந்தப் "பெரியவரே"தான் சுருக்கென்றது. தலையும் தாடியும் அங்கே நீராவியில் வெந்தே நரைத்துவிட்டன.

வந்த கையோடு கடைத்தெருவில் மகள் பெயரில் ஹஸ்னா ஃபேன்சி ஸ்டோர் திறந்தார். வளையல், ரிப்பன், அத்தர், தொப்பி, சீப்பு. சென்னையிலிருந்து சரக்கு போடுகிறவன் ஒரு நாள் பச்சைநிறப் பெட்டிகள் பத்துப் பன்னிரண்டை இறக்கிவிட்டுப் போனான். மேலே ஒரு பேரீச்ச மரம், கீழே மருதாணி இலை, நடுவே "கருப்பு மருதாணி" என்று கொட்டை எழுத்து. பின்பக்கத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்பதை எறும்புகள் படிக்கிற அளவில் அச்சடித்திருந்தார்கள்.

இங்கேதான் ஹபீப் பாயின் மூளை வேலை செய்தது. ஆண்பிள்ளை தலைக்குக் கறுப்புச் சாயம் பூசக் கூடாது என்று பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் எத்தனையோ வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். மருதாணி போடலாம், தடையில்லை. இது மருதாணி. பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. கறுப்பாக இருந்தால் அது மருதாணியின் குணம், அதற்கு இவர் என்ன செய்வார்? வழக்கைத் தானே தொடுத்து, தானே வாதாடி, தானே தீர்ப்புச் சொல்லிவிட்டு, மாதம் இரண்டு முறை குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு பூசினார். மனைவி சைத்தூன் பீவிக்குத் தெரியும். "உள்ள எலி செத்த மாதிரி நாத்தம் வருதே, என்னங்க பண்றீங்க?" என்று வெளியிலிருந்து கேட்பாள். "மருதாணிம்மா" என்று பதில் வரும்.

எட்டு மாதம் கழித்து அவருடைய நெற்றியின் நடுவில் கறுத்தது.

ஆரம்பத்தில் லேசாக அரித்தது, வேர்க்குரு என்று விட்டுவிட்டார். பிறகு அரிப்பு போய் நிறம் மட்டும் தங்கியது. அடுப்புச் சாம்பலில் கொஞ்சம் நீலம் கலந்த நிறம். தொட்டால் ஒன்றும் தெரியவில்லை, வலியில்லை, தடிப்பில்லை. தொப்பியின் விளிம்பு வேர்வையோடு அழுந்துகிற இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு அழகாக உட்கார்ந்திருந்தது.

அதை முதலில் கண்டுபிடித்தவர் முஜீப் ரஹ்மான். ஹார்டுவேர் கடைக்காரர், பள்ளிவாசல் ஜமாஅத்தின் துணைத் தலைவர். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடிக்கொண்டிருந்த ஹபீப் பாயின் தோளைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"மாஷா அல்லாஹ்! பாய், நெத்தியில சஜ்தா தழும்பு விழுந்துடுச்சே! எத்தன வருஷத் தொழுகையோ! இத்தன நாளு நம்ம கண்ணுக்கே தெரியாம இருந்திருக்கீங்களே!"

தரையில் நெற்றி பதித்துத் தொழுது தொழுது காய்ப்பு ஏறிய நெற்றியை ஊர் எவ்வளவு மதிக்கும் என்று ஹபீப் பாய்க்குத் தெரியும். தன் தொழுகை எவ்வளவு என்பதும் தெரியும். வெள்ளிக்கிழமை உண்டு, நோன்பு மாதம் உண்டு, இரண்டு பெருநாள் உண்டு. விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கிற சுபுஹு பாங்கு அவர் காதுக்கு எட்டி ரொம்ப நாளாயிற்று. அந்த நொடியில் வாயைத் திறந்து "இல்ல பாய், இது வேற ஏதோ" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் முறை. மனுஷன் கண்ணைத் தாழ்த்தி, "எல்லாம் அவன் செயல்" என்றார். பொய் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

அன்றிலிருந்து நடந்தவற்றை நம்ப மாட்டீர்கள். டீக்கடையில் அவருக்கு முதல் கிளாஸ் வந்தது. பள்ளிவாசலில் முதல் வரிசையில் இடம் விட்டார்கள். இடம் விட்டபின் போகாமல் இருக்க முடியுமா? ஐந்து வேளையும் போக வேண்டியதாயிற்று. மற்றவர்களுக்குத் தொழுகை முதலில் வந்து தழும்பு பிறகு வரும். இவருக்கு முறை மாறிப்போனது. அலாரம் வைத்து எழுந்து, கொட்டாவியை விழுங்கிக்கொண்டு சுபுஹுக்கு ஓடினார். சைத்தூன் பீவி போர்வைக்குள்ளிருந்தே, "தழும்பு வச்ச கடனக் கட்டிட்டு வாங்க" என்பாள்.

பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால் வாசலில் குழந்தைகளோடு பெண்கள் நிற்பார்கள். சாமி கும்பிடுகிறவர்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும்தான். காய்ச்சல், பயந்த கோளாறு, பால் குடிக்காத பிள்ளை. ஓதி ஊத வேண்டும். முன்பெல்லாம் ஹஜ்ரத்திடம் போன வரிசை இப்போது ஹபீப் பாய் பக்கம் வளைந்தது. ஹஜ்ரத்தின் நெற்றி பளிங்குபோல இருந்தது, பாவம். உப்பளத்து ஓரத்துக் கிராமத்திலிருந்து ஆதிமூலம் என்பவர் தன் மகனைத் தூக்கிவந்தார். டெம்போ ஓட்டுகிறவர், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சங்கத் தலைவரும்கூட. பாய் ஊதினார். மறுநாள் பையன் ஓடியாடினான். அதற்கு முன்தினம் போட்ட ஊசியைப் பற்றி ஆதிமூலம் யாரிடமும் பேசவில்லை.

இப்படியே போயிருந்தால் நல்லது. ஆனால் அந்தக் கறுப்புக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியவில்லை. நெற்றி முழுக்கப் பரவியது. நெற்றிப்பொட்டில் இறங்கியது. காதுக்கு முன்னால் புகை பிடித்தாற்போல வந்து, கழுத்தின் இரண்டு பக்கமும் படர்ந்தது. ஊர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தது. தொழுகைக்குமுன் அடிக்கடி முகம் கழுவி வுளூ செய்து தண்ணீர் வழிகிற தடம் என்றார் முஜீப் ரஹ்மான். சைத்தூன் பீவிதான் விடவில்லை.

"நெத்தி சரி. காத வச்சா சஜ்தா பண்றீங்க? ஒழுங்கா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பொண்ணு வீட்டு சம்பந்திங்க வந்து பாத்தா என்ன நெனப்பாங்க?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜமாஅத்துக்குப் புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பேச்செல்லாம் இவர் பெயரில்தான் ஓடுகிறது என்கிற நேரம். ஏதாவது பெரிய நோயாக இருந்தால் அதற்குமுன் தெரிந்துகொள்வது நல்லது. திங்கட்கிழமை சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு புதுச்சேரிக்கு பஸ் ஏறினார்.

பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் பெஞ்சில் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண் முந்தானையை முகத்தில் பாதிவரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இலக்கியா, மேல்படிப்புப் படிக்கிற சின்னப் பெண், இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டாள். முந்தானையை விலக்கச் சொன்னாள். பெண் விலக்கினாள்.

ஹபீப் பாய்க்குக் கண்ணாடியைப் பார்த்ததுபோல் இருந்தது. அதே நெற்றி, அதே நெற்றிப்பொட்டு, காதுக்கு முன்னால் அதே புகை, கழுத்தில் அதே சாம்பல் நீலம். யாரென்றும் தெரிந்துவிட்டது. கொளஞ்சி. ஆதிமூலத்தின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். அதற்குமுன் பதினைந்து வருஷம் உப்பளத்தில் உப்பு வாரியவள். இவர் கடைக்கு வந்திருக்கிறாள். ஒன்றரை வருஷம் முன்பு. சத்துணவு ஆபீசர் வந்து நரைத்த தலையைப் பார்த்து, "என்னம்மா, அறுபது தாண்டிடுச்சா? வேலை பாக்க முடியுமா?" என்று கேட்டானாம். அவளுக்கு முப்பத்தொன்பதுதான். பயந்துபோய், தலைக்கு ஏதாவது கொடுங்கள் என்று வந்து நின்றாள். பச்சைப் பெட்டியை எடுத்து நீட்டியவர் இவர்தான். "மருதாணிம்மா, ஒண்ணும் பண்ணாது. நானே போடுறேன்."

டாக்டர் நான்கைந்து மாணவர்களைக் கூப்பிட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தாள். எப்போது ஆரம்பித்தது, எங்கே முதலில், அரித்ததா, எரிந்ததா, வெயிலில் வேலையா, வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று இருவரிடமும் ஒரே கேள்விகள். பஞ்சால் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாள், குண்டூசி முனையால் குத்தினாள்.

"வலிக்குதாம்மா?"

"வலிக்குதுங்க" என்றாள் கொளஞ்சி. "எல்லாமே வலிக்குது. ஊர்ல தொழுநோய்னு சொல்லிட்டாங்க. நான் ஆக்குன சோத்தப் புள்ளைங்களுக்குப் போடக்கூடாதுன்னுட்டாங்க. மூணு வாரமா என்னைய வாசப்படி ஏற வுடல."

"தொழுநோய் இல்லவே இல்லம்மா. தொத்துற நோயும் இல்ல" என்றாள் டாக்டர்.

ஹபீப் பாய் தொண்டையைச் செருமினார். "எனக்கு இது தொழுகைத் தழும்புங்க."

டாக்டர் அவர் நெற்றியை விரலால் தடவிப் பார்த்தாள். "தொழுகைத் தழும்புன்னா தோல் தடிச்சு சொரசொரன்னு இருக்கும் அய்யா, ஒரே இடத்துல நிக்கும். இது வழவழன்னு இருக்குது பாருங்க. கறுப்பு மேல் தோல்ல இல்ல, உள்ள எறங்கி உக்காந்துடுச்சு. நம்மள மாதிரி மாநிறம், கறுப்பு நிறத்துக்காரங்களுக்குத்தான் நிறைய பாக்குறோம். முப்பது நாப்பதுக்கு மேல. முக்காவாசி பொம்பளைங்க."

"பொம்பளைங்களுக்கு வர்றதா?" என்றார் பாய். நோயைவிட அது பெரிய அடியாக இருந்தது.

"ஆம்பளைங்களுக்கும் வரும். தலைக்கு என்ன போடுறீங்க ரெண்டு பேரும்?"

கொளஞ்சிதான் முதலில் சொன்னாள், "கருப்பு மருதாணிங்க." டாக்டர் எங்கே வாங்கினாய் என்று கேட்டாள். ஹபீப் பாய் காலடியில் இருந்த தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு கடையிலங்க" என்றாள் கொளஞ்சி. அவர் மூச்சு திரும்பி வந்தது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது, அல்லா காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டார்.

இருவர் முதுகிலும் சின்னச் சின்ன மருந்துப் பொட்டுகள் வைத்த பட்டைகளை ஒட்டி அனுப்பினார்கள். சதுரம் சதுரமாக, உப்பளத்தில் பாத்தி கட்டினதுபோல. இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது, வேர்க்கக்கூடாது என்றார்கள். மரக்காணத்தில் வேர்க்காமல் இருப்பது எப்படி என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஹபீப் பாய் இரண்டு நாளும் ஃபேனுக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தார். பாய் தியானத்தில் இருக்கிறார் என்று கடைத்தெருவில் பேச்சு.

புதன்கிழமை பட்டையை உரித்தபோது இருவர் முதுகிலும் ஒரே பாத்தி மட்டும் சிவந்து கொப்புளித்திருந்தது. தலைச் சாயத்தில் போடுகிற கறுப்பு மருந்து அது.

"இதான் காரணம்" என்றாள் டாக்டர். "பேருதான் மருதாணி. உள்ள இருக்கறது டை. இன்னையோட நிறுத்திடுங்க. நிறுத்தினா கொஞ்சம் கொஞ்சமா மங்கும். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷமும் ஆகலாம். நிறுத்தலைன்னா இன்னும் பரவும்."

வெளியே புங்கமர நிழலில் கொளஞ்சி அவருக்காகக் காத்திருந்தாள். கையில் ஒரு சான்றிதழ், இங்கிலீஷில்.

"பாய், நாளைக்கு மத்தியானம் ஸ்கூல்ல மீட்டிங் போட்டிருக்காங்க. நான் வேண்டாம்னு எழுதி வாங்கப் போறாங்களாம். இந்தக் காயிதத்த யாரு படிப்பாங்க? நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லணும். உங்களுக்கும் இதேதான்னு. இது தொத்தாதுன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க."

பாய் கிழமையை எண்ணிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை செயலாளர் தேர்தல். வியாழக்கிழமை போய், இது தழும்பு இல்லை, கறுப்பு டை என்று ஊர் நடுவில் சொல்வதா?

"ஏம்மா, இப்படிச் செய்வோம். நான் வந்து தண்ணி ஓதி உன் மேல தெளிச்சுட்டு, தோஷம் போயிடுச்சுன்னு சொல்லிடுறேன். அதுவே போதுமே."

"தெளிச்சா நாளைக்கு வேலை குடுப்பாங்க பாய். கறுப்பு போக ரெண்டு வருஷம் ஆவும்னு டாக்டரம்மா சொல்லுது. அடுத்த வாரமே, தோஷம் இன்னும் போவலியேன்னு திரும்பத் தொரத்துவாங்க. எனக்குத் தோஷமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அத சொல்லணும்."

அவர் கழுத்துத் துண்டை இறுக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். அவள் கெஞ்சவில்லை. பஸ் வந்தது, முன் வாசலில் அவளும் பின் வாசலில் இவரும் ஏறினார்கள்.

வீட்டில் சைத்தூன் பீவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், பச்சைப் பெட்டியைக் கொடுத்தது உட்பட. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "செயலாளர் ஆனா என்ன தருவாங்க?" என்றாள்.

"ஒண்ணும் தர மாட்டாங்க. மரியாதைதான்."

"அந்தப் பொம்பளைக்கு அது சோறு. நீங்க என்ன போகலாமா வேணாமான்னு எங்கிட்ட கேக்க வந்தீங்களா, போக வேணாம்னு நான் சொல்லணும்னு வந்தீங்களா?" என்றாள் சைத்தூன். அவர் அசர் தொழுகைக்குப் போகிற சாக்கில் எழுந்துகொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நாற்காலியில் ஆதிமூலம். பக்கத்தில் தலைமையாசிரியை சகாயசெல்வி, கையில் கொளஞ்சியின் சான்றிதழ். படித்துக் காட்டிவிட்டார், யாருக்கும் பிடிக்கவில்லை. "காகிதத்துக்குத் தொத்தாதுங்க டீச்சர், புள்ளைங்களுக்குத் தொத்துமே" என்றது ஒரு குரல். கொளஞ்சி சமையற்கூடத்துக்கு வெளியே, படிக்குக் கீழே நின்றிருந்தாள். வெயில் உப்புப் பாத்திகளில் பட்டுத் திரும்பி எல்லோர் கண்ணையும் கூசவைத்தது.

ஹபீப் பாய் வருவதைப் பார்த்ததும் கூட்டம் எழுந்து நின்றது. ஆதிமூலம் தன் நாற்காலியைத் துண்டால் தட்டிக் கொடுத்தார். பாய் உட்காரவில்லை. நின்றால்தான் பேச முடியும் என்று தோன்றியது.

"இந்தம்மாவுக்கு வந்திருக்கறது தொழுநோய் இல்ல" என்றார். "தலைக்குப் போட்ட டையால வந்தது. யாருக்கும் ஒட்டாது. எனக்கு எப்படித் தெரியும்னா, எனக்கும் அதேதான்." தொப்பியைக் கழற்றினார். "இது தொழுது வந்த தழும்பு இல்ல. நான் சுபுஹு தொழாம பத்துப் பதினைஞ்சு வருஷம் இருந்தேன், இந்த ஒரு வருஷமாத்தான் போறேன். இது டை. கறுப்பு டை. பெட்டியில மருதாணின்னு போட்டிருந்தது. பாருங்க, தொப்பி ஓரத்துல கறை."

தொப்பியை உயர்த்திக் காட்டினார். விளிம்பில் ஊதாக் கறை நன்றாகவே தெரிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்து நீட்டினார். நாற்பது பேரும் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். வாழ்க்கையில் இரண்டாவது முறையாக ஊர் அவரைப் பார்க்கிறது, இதுவே கடைசி என்று நினைத்துக்கொண்டார். வெட்கத்தில் காது எரிந்தது. கூடவே, நெஞ்சிலிருந்து யாரோ கல்லை இறக்கினாற்போலவும் இருந்தது.

ஆதிமூலம் மெல்ல எழுந்தார். கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் கூப்பினார்.

"பாத்துக்குங்கய்யா. இவருதான் மனுஷன். ஒரு ஏழைப் பொம்பளைக்காவ, எவ்வளவு பெரிய மனுஷன், தன்னையே எப்படி எறக்கிக்கிறாரு பாருங்க! டையாம்! தொழுவுலயாம்! எம்புள்ளைய ஒரே ஊதல்ல எழுப்பி வுட்ட வாயி இது!"

"அய்யோ, நெஜமாத்தான் சொல்றேங்க, டைதான்" என்றார் பாய். "அந்தச் சீட்டப் படிங்க!"

"பெரியவங்க தன் பெருமையத் தானே சொல்ல மாட்டாங்க" என்றாள் ஒரு கிழவி, கன்னத்தில் போட்டுக்கொண்டு. சீட்டைக் கேட்டு வாங்கியது சகாயசெல்வி டீச்சர் மட்டும். படித்தார், பாயின் முகத்தைப் பார்த்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கூட்டத்தைத் திருத்துகிற தெம்பு அவருக்கும் இல்லை.

பாய்க்குக் கோபமே வந்துவிட்டது. நேராகச் சமையற்கூடத்துக்குப் போய், "கொளஞ்சி, ஒரு தட்டுல சோறு போடும்மா" என்றார். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் படியேறினாள். யாரும் தடுக்கவில்லை. அவள் கரண்டியைப் பிடித்துச் சாம்பார் சாதத்தைப் போட, அவர் எல்லோரும் பார்க்க அங்கேயே உட்கார்ந்து கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். அவ்வளவுதான், பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றுவிட்டார்கள். பாய் சாப்பிட்ட அண்டா என்று பெரியவர்களும் ஒரு வாய் வாங்கினார்கள்.

செய்தி அவருக்கு முன்னால் மரக்காணம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஜும்ஆவுக்குப்பின் முஜீப் ரஹ்மான் எழுந்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பணிவா என்று குரல் தழுதழுக்கப் பேசினார். எதிர்ப்பே இல்லாமல் ஹபீப் முஹம்மது செயலாளர் ஆனார். அவர் எழுந்து மறுபடியும் டையைப் பற்றி ஆரம்பித்தபோது எல்லோரும் அன்போடு சிரித்தார்கள்.

பச்சைப் பெட்டிகளைக் கடையிலிருந்து தூக்கிக் கடைவாசல் குப்பைத் தொட்டியில் போட்டார். டையை நிறுத்தினார். ஆனால் தொழுகையை நிறுத்தவில்லை. ஏன் என்று அவரைக் கேட்டால் அவருக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. நாற்பது பேர் நடுவில் உண்மையைச் சொல்லி ஒருவரும் நம்பாதபோது, நம்புகிறதற்கு ஒருவன் மேலே இருக்கிறான் என்று போய் நிற்பதில் ஓர் ஆறுதல் இருந்திருக்கலாம். இப்போது சுபுஹுக்கு அலாரம் தேவைப்படவில்லை. பாங்குக்கு முன்பே விழித்துவிடுவார்.

தலையும் தாடியும் வெளுத்தன. ஒன்றரை வருஷத்தில் கழுத்து தெளிந்தது, காதோரம் தெளிந்தது. கடைசியாக நெற்றியும் மங்கி மங்கி, உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாத அளவுக்குப் போய்விட்டது.

ஊர் உற்றுப் பார்த்தது.

"பாய், ஒடம்பு ஏதும் சரியில்லையா?" என்று முஜீப் ரஹ்மான் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "இல்ல, நெத்தியில முன்ன மாதிரி ஒண்ணும் காணோமே. தொழுகையில ஏதாவது கொறை வச்சுட்டீங்களோன்னு சனங்க பேசுதுங்க. பதவி வந்ததும் சில பேருக்கு அப்படி ஆகுறதுதான்."

"தெனம் உங்க பக்கத்துலதானே பாய் நின்னு தொழுறேன்!"

"நிக்கிறீங்க, நிக்கிறீங்க" என்றார் முஜீப் ரஹ்மான், ரொம்பப் பெருந்தன்மையாக. அடுத்த தேர்தலில் வேறு செயலாளர் வந்தார். முதல் வரிசையில் யாரோ விரிப்பை அகலமாகப் போட்டுக்கொண்டார்கள். மஃரிபுக்குப்பின் குழந்தைகள் வரிசை மறுபடி ஹஜ்ரத் பக்கம் திரும்பியது. டீக்கடையில் கிளாஸ் வரிசைப்படி வந்தது.

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள் கொளஞ்சி கடைக்கு வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது, முகம் கழுவி விட்டதுபோல இருந்தது. வேலை இப்போது உறுதியாகிவிட்டது. பேத்தியா மகளா என்று தெரியாத ஒரு சிறுமிக்கு ரிப்பன் வாங்கினாள். பாய் முழம் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மூஞ்சி சுத்தமா தெளிஞ்சிடுச்சே. ஊர்ல என்ன சொல்றாங்க?"

"நீங்க ஓதி ஊதி குணமாயிடுச்சாம் பாய்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்கும்தான் தெளிஞ்சிடுச்சு. உங்க ஊர்ல?"

"தொழுகைய வுட்டுட்டேனாம்."

கொளஞ்சி கல்லாப் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பாயும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் ரிப்பனைச் சுருட்டிக்கொண்டே, இத்தனை நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னார்.

"ஏம்மா, அந்தப் பச்சைப் பெட்டிய உனக்குக் குடுத்தது நான்தான். ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னதும் நான்தான். உனக்கு ஞாபகம் இருக்காது."

"ஏன் இருக்காது? டாக்டரம்மா கேட்டப்பவே தெரியும், இந்தக் கடைதான்னு."

ஹபீப் பாயின் கையிலிருந்த ரிப்பன் நழுவியது. "அப்புறம் ஏம்மா ஒரு வார்த்த கேக்கல? என் சட்டையப் புடிச்சிருக்கலாமே?"

"புடிச்சிருந்தா நீங்க ஸ்கூலுக்கு வந்திருப்பீங்களா பாய்?" என்றாள் கொளஞ்சி. "எனக்கு அன்னிக்கு உங்க நெத்தி வேண்டியிருந்துச்சு."

அவள் ரிப்பனை வாங்கிக்கொண்டு சிறுமியைக் கைப்பிடித்துப் படி இறங்கினாள். அசர் பாங்கு ஒலித்தது. ஹபீப் முஹம்மது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார். முதல் வரிசை நிறைந்திருந்தது. கடைசி வரிசையில், ஜன்னலோரம், இடம் இருந்தது.